கட்சிக் கதவைத் தோட்டத்துக்குத் திறந்தவர்: துன் சம்பந்தனும் சாதாரண உறுப்பினரின் வாக்கும்

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகிறவர்களுக்கு இந்தப் பெயர் நல்ல பழக்கம். சாலைப் பலகையில் இருக்கு. மோனோரெயில் நிலையத்திலும் இருக்கு. தீபாவளிக்குச் சாமான் வாங்கப் போகும் நம்மில் பலர் அந்தப் பலகைக்குக் கீழேதான் காரை நிறுத்துகிறோம்.

துன் வீ.தி. சம்பந்தன். மலேசிய இந்தியர் காங்கிரஸின், அதாவது மஇகாவின், ஐந்தாவது தேசியத் தலைவர். 1955 முதல் 1973 வரை 18 ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தவர். நாட்டின் முதல் அமைச்சரவையில் இடம்பெற்றவர்.

இவ்வளவும் பள்ளிப் பாடத்திலேயே வரும். அதில் அதிகம் பேசப்படாத ஒன்று இருக்கு. வழக்கறிஞர்களும் வணிகர்களும் ஆங்கிலத்தில் நடத்திக்கொண்டிருந்த ஒரு கட்சிக்குள், ரப்பர் மரம் சீவும் தொழிலாளியைக் கூட்டிக்கொண்டு வந்தவர் அவர்தான்.

உள்ளே வந்த அந்தத் தொழிலாளிக்குக் கட்சியில் எவ்வளவு பேச்சுரிமை கிடைத்தது? கட்சித் தேர்தல் வரும்போதெல்லாம் எந்தக் கட்சியிலும் அடிமட்ட உறுப்பினர்கள் கேட்கும் கேள்வி இது. சம்பந்தனின் வாழ்க்கையைப் பார்த்தால் அதற்குப் பாதிப் பதில் கிடைக்கும்.

சுங்கை சிப்புட்டில் தொடங்கிய கதை

சம்பந்தன் பிறந்தது 1919 ஜூன் 16, பேரா மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில். தந்தை வீராசாமி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தமிழகத்திலிருந்து மலாயா வந்தவர். உழைத்து முன்னேறி, ரப்பர் தோட்டங்களுக்குச் சொந்தக்காரர் ஆனவர். ஆக, சம்பந்தன் லயத்து வீட்டில் பிறந்த பிள்ளை இல்லை. தோட்ட முதலாளியின் மகன். பின்னால் வரும் கதைக்கு இது முக்கியம்.

கோலகங்சாரில் கிளிஃபர்ட் பள்ளியில் படித்தார். பிறகு சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம். இந்திய விடுதலைப் போராட்டம் சூடுபிடித்திருந்த நேரம் அது. கல்லூரி மாணவர்களிடம் காங்கிரஸ் இயக்கத்தின் வேகம் இருந்தது. சம்பந்தனும் அதில் இழுக்கப்பட்டார்.

இந்திய தேசிய காங்கிரஸைப் பற்றி இங்கே ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆரம்பத்தில் அதுவும் படித்தவர்களின் ஆண்டுக் கூட்டம் போலத்தான் இருந்தது. 1920இல் நாக்பூர் மாநாட்டில் காந்தி அதன் விதிகளை மாற்ற வைத்தார். நாலணா சந்தா கட்டினால் யாரும் உறுப்பினர். கிராமம், வட்டம், மாவட்டம், மாகாணம் என்று படிப்படியாகக் கமிட்டிகள். ஒரு மேடைப்பேச்சு அமைப்பு மக்கள் இயக்கமாக மாறியதற்கு அந்த நாலணாவும் அந்தக் கமிட்டிகளும் பெரிய காரணம்.

மலாயாவில் 1946 ஆகஸ்டில் தொடங்கிய கட்சி, காங்கிரஸ் என்ற பெயரை எடுத்துக்கொண்டது. அந்த நாலணா முறையின் வேகம் அதோடு சேர்ந்து வரவில்லை.

ஆங்கிலம் பேசிய கட்சி

மஇகாவின் முதல் தலைவர் ஜான் திவி. வழக்கறிஞர், நேதாஜியின் இயக்கத்தில் இருந்தவர். அவருக்குப் பிறகு புத் சிங், கே. ராமநாதன், கே.எல். தேவாசர். ஒன்பது ஆண்டுகளில் நான்கு தலைவர்கள். கொள்கையில் குறை சொல்ல முடியாது. காலனித்துவ எதிர்ப்பு, எல்லா இனத்துக்கும் சமமான குடியுரிமை என்று துணிந்து பேசினார்கள்.

ஆனால் யாரிடம் பேசினார்கள்? அன்றைக்கு மலாயா இந்தியர்களில் பெரும்பகுதி தமிழர்கள். அவர்களில் பெரும்பாலானோர் தோட்டத்தில். கட்சித் தலைமையோ பெரும்பாலும் பட்டணத்தில், ஆங்கிலம் படித்தவர்கள் கையில். தலைமைக்கும் தோட்டத்துக்கும் இடையே மொழியும் தூரமும் நின்றன. தமிழ்ப் பத்திரிகைகளும் இதைக் குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தன.

தோட்டத் தொழிலாளிக்கு அரசியலே தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அவர்கள் தொழிற்சங்கங்களில் திரண்டார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தக் குரலை நெரித்தது 1948. சுங்கை சிப்புட் பகுதியில் ஐரோப்பியத் தோட்டத்துரைகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி அவசரகாலம் பிரகடனமானது. கொலை நடந்த தேதி ஜூன் 16. சம்பந்தனுக்கு 29 வயது நிறைந்த நாள். நடந்தது அவருடைய சொந்த ஊர்ப் பக்கத்தில்.

அதே காலத்தில் மலாயாவின் பெரிய தொழிற்சங்கச் சம்மேளனம் பதிவு இழந்தது. அதன் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். தோட்டத் தொழிலாளர்களின் சொந்த அமைப்பு கலைந்து போனது. அந்த வெற்றிடத்தில்தான் சம்பந்தன் அரசியலுக்கு வருகிறார்.

1955: என்ன மாறியது?

முதலில் சொந்த ஊர் வேலைதான். சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி தமிழ்ப்பள்ளி எழும்ப முன்னின்றார். 1954இல் நேருவின் சகோதரி விஜயலட்சுமி பண்டிட் அதைத் திறந்து வைத்தார். பேரா மஇகாவில் சம்பந்தனின் பெயர் வளர்ந்தது.

1954இல் மஇகா, அம்னோவும் மசீசவும் இருந்த கூட்டணியில் சேர்ந்தது. மறு ஆண்டு மே மாதம் தேவாசருக்குப் பதிலாகச் சம்பந்தன் தேசியத் தலைவர் ஆனார். அப்போது அவருக்கு 36 வயதுகூட நிறையவில்லை.

ஜூலையில் நாட்டின் முதல் பொதுத்தேர்தல். 52 இடங்களில் 51 கூட்டணிக்கு. அதில் மஇகாவுக்கு 2. ஒன்று சம்பந்தனுடையது. அவர் தொழிலாளர் அமைச்சர் ஆனார். பின்னர் சுகாதாரம், பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு, தேசிய ஒருமைப்பாடு என்று பல துறைகள்.

இந்த வெற்றிக்குப் பின்னால் ஒரு சங்கடமான கணக்கு இருந்தது. 1955 வாக்காளர் பட்டியலில் இந்தியர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. மக்கள்தொகையிலோ 11 விழுக்காடு, ஏறத்தாழ 7 லட்சம் பேர். காரணம் குடியுரிமை. பெரும்பாலோர் குடிமக்களாகவே பதிவாகவில்லை. வாக்கு இல்லாத சமூகத்தின் கட்சிக்குப் பேரம் பேச என்ன பலம் இருக்கும்?

ஆகவே தோட்டத்துக்குப் போவது அவருக்கு வெறும் சேவை மட்டும் கிடையாது, கட்சிக்கு உயிர் மூச்சு. குடியுரிமைக்கு மனு போடு, வாக்காளராகப் பதி, கட்சியில் சேர். இந்த மூன்றும் ஒன்றாகவே தோட்டத்துக்குள் போயின.

எப்படிச் சேர்த்தார்?

மூன்று வழி.

முதலாவது மொழி. கட்சிக் கூட்டங்கள் தமிழுக்கு மாறின. கிளைக் கூட்டத்தில் எழுந்து நின்று தன் குறையைச் சொல்ல இனி ஆங்கிலம் தேவையில்லை. கேட்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் ஒரு அமைப்பில் யார் பேசலாம் என்பதை அங்கே பேசப்படும் மொழிதான் பாதி முடிவு செய்கிறது.

இரண்டாவது கோயில். தோட்டத்தில் எல்லாரும் கூடும் இடம் மாரியம்மன் கோயில்தான். திருவிழா, கலை நிகழ்ச்சி, பள்ளிக்கூடம் எல்லாம் அதைச் சுற்றியே நடக்கும். கட்சியும் அங்கே போய் நின்றது.

மூன்றாவது கிளை. தோட்டத்துக்குத் தோட்டம், கம்பத்துக்குக் கம்பம் கிளைகள் முளைத்தன. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவிகள். அதுவரை யாருடைய பட்டியலிலும் இல்லாத மனிதர்களின் பெயர்கள் கட்சியின் உறுப்பினர் பதிவேட்டில் ஏறின.

சில ஆண்டுகளில் மஇகாவின் முகமே மாறிவிட்டது. ஆங்கிலம் படித்த மேல்தட்டினர் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். வட இந்தியர், மலையாளி, தெலுங்கர் ஆகியோரில் சிலருக்குக் கட்சி தமிழர்களுடையதாகவே ஆகிவிட்டதே என்ற வருத்தமும் இருந்தது. ஒரு கதவைத் திறக்கும்போது இன்னொன்று லேசாகச் சாத்திக்கொண்டது. இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

உள்ளே வந்தாச்சு, அப்புறம்?

இங்கேதான் கதையின் முடிச்சு.

உறுப்பினர் பதிவேட்டில் தொழிலாளிகள் நிறைந்தார்கள். பொறுப்பாளர் பட்டியல் வேறு மாதிரி இருந்தது. சிறு வணிகர்கள், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், கிராணிகள், குத்தகையாளர்கள், பத்திரிகைக்காரர்கள். பழைய வழக்கறிஞர்களுக்குப் பதிலாக இந்தத் தமிழ் படித்த கீழ் நடுத்தர வர்க்கம் கட்சியின் நடுப் படிக்கட்டில் உட்கார்ந்தது. மரம் சீவுகிறவர் கீழ்ப்படியிலேயே நின்றார்.

இதில் யாரும் சதி செய்ததாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தொழிலாளியின் நாளை நினைத்துப் பாருங்க. விடியுமுன் பிரட்டு. நண்பகல் வரை மரம், பிறகு பால் நிறுக்கணும். கூட்டம் பட்டணத்தில் என்றால் போய்வரச் செலவு, கூலி இழப்பு. வெளியாட்கள் தோட்டத்துக்குள் வரணும்னா துரையின் அனுமதி. அறிக்கை எழுத, கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் கிளையில் ஒருவரோ இருவரோதான். அவர்களே தலைவர், அவர்களே செயலாளர், மாநாட்டுக்குப் பேராளரும் அவர்களே.

கட்சியின் அமைப்பும் அப்படித்தான் இருந்தது. உறுப்பினர் கிளையில் வாக்களிப்பார். கிளை மேல்மட்டத்துக்கு ஆள் அனுப்பும். தேர்தலில் யார் நிற்பது, செனட்டுக்கு யார் போவது, கூட்டணியோடு எந்த நிபந்தனையில் பேசுவது என்பதெல்லாம் மேலேயே முடிந்துவிடும். கூட்டணியில் மஇகாவுக்குக் கிடைத்த நாடாளுமன்ற இடங்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். இவ்வளவு குறைவான இடங்களை யாருக்குக் கொடுப்பது என்ற அதிகாரமே தலைவரைச் சுற்றி ஒரு கூட்டத்தைச் சேர்த்துவிடும். சம்பந்தன் காலத்திலும் அது நடந்தது.

இன்னொன்றையும் கவனிக்கணும். கூலி, வேலை நேரம் போன்ற விவகாரங்களில் தொழிலாளி கட்சியைத் தேடிப் போகவில்லை. 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்திடம், பி.பி. நாராயணன் தலைமையிடம், போனார். வாக்கு கட்சிக்கு, வயிற்றுப்பாடு சங்கத்துக்கு என்று இரண்டாகப் பிரிந்தது. கட்சிக்குள் தன் பேச்சு எடுபடும் என்ற நம்பிக்கை இருந்திருந்தால் இந்தப் பிரிவு இவ்வளவு தெளிவாக இருந்திருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது.

பத்து வெள்ளி

சம்பந்தனின் வாழ்க்கையில் இதற்கு நேர் எதிரான ஓர் அத்தியாயமும் உண்டு.

1950களில் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பத் தொடங்கின. வாங்கியவர்கள் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். இதைத்தான் நம் பெரியவர்கள் தோட்டத் துண்டாடல் என்பார்கள். துண்டான நிலத்தில் பழைய தொழிலாளிகளுக்கு வேலை இல்லை. வேலை போனால் லயத்து வீடும் போகும். மூன்று தலைமுறை உழைத்த இடத்திலிருந்து சட்டி பானையோடு வெளியேற வேண்டிய நிலை. பேராசிரியர் உங்கு அஜீஸ் இந்தத் துண்டாடலை ஆராய்ந்து 1960களின் தொடக்கத்தில் விரிவான அறிக்கையே எழுதினார்.

சம்பந்தன் கண்ட வழி கூட்டுறவு. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. கே.ஆர். சோமசுந்தரம் போன்றவர்கள் தோள் கொடுத்தார்கள். திட்டம் எளிமையானது. ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். சேரும் பணத்தில் விற்பனைக்கு வரும் தோட்டத்தைச் சங்கமே வாங்கும். தொழிலாளி வெளியேற வேண்டாம், தோட்டத்தில் பங்காளியாகவே இருக்கலாம்.

நாள் கூலி சில வெள்ளிகளாக இருந்த காலத்தில் 10 வெள்ளி சாதாரணப் பணமா? அமைச்சராக இருந்துகொண்டே தோட்டம் தோட்டமாகப் போய்ச் சம்பந்தன் பேசினார். பலர் நம்பவில்லை. தொழிலாளி தோட்டம் வாங்குவதாவது என்று சிரித்தவர்களும் உண்டு. 1961இல் கெடாவில் ஏறக்குறைய 3,000 ஏக்கர் கொண்ட புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. அதுதான் முதல் தோட்டம். அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக. அவர் காலமான நேரத்தில் உறுப்பினர் எண்ணிக்கை 80,000ஐத் தாண்டியிருந்தது.

கட்சிக்கும் கூட்டுறவுக்கும் என்ன வித்தியாசம்?

- கூட்டுறவில் பங்கு எத்தனை இருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான். அதுதான் கூட்டுறவு முறையின் அடிப்படை விதி. கட்சியில் அடிமட்ட உறுப்பினரின் வாக்கு கிளையோடு நின்றுவிடும், மேலே பேராளர் போவார்.
- கூட்டுறவில் உறுப்பினர் கையில் பங்குக் கணக்கு இருக்கும், ஆண்டு முடிவில் லாப ஈவு எவ்வளவு என்று கேட்கலாம். கட்சியில் கேட்பதற்கு அப்படி ஒரு கணக்கு இல்லை.
- கூட்டுறவில் எடுக்கும் முடிவு, இந்தத் தோட்டத்தை வாங்கலாமா வேண்டாமா என்பது மாதிரி, உறுப்பினரின் வீட்டையும் வேலையையும் நேரடியாகத் தொடும். அதனால் கவனித்தார்கள்.

பெரிய கூட்டுறவுச் சங்கங்களிலும் எல்லாரும் ஒரே மண்டபத்தில் கூட முடியாது, பேராளர் முறைதான் வரும் என்பது உண்மை. அங்கேயும் தலைவர்களின் செல்வாக்கு இருக்கும். ஆனாலும் தன் பணம் போட்டவருக்குக் கேள்வி கேட்கும் தைரியம் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

ஒரே மனிதர்தான் இரண்டையும் கட்டினார். இன்றைக்குத் தோட்டத்துக் குடும்பங்கள் அவரை நினைத்துப் பேசும்போது, பல வீடுகளில் முதலில் வருவது அமைச்சர் பதவி கிடையாது. அந்தப் பத்து வெள்ளிதான்.

1973: பதவி விலகிய விதம்

1969 தேர்தலும் அதைத் தொடர்ந்த மே 13 கலவரமும் நாட்டின் அரசியலையே புரட்டிப் போட்டன. துங்கு பதவி விலகி, துன் அப்துல் ரசாக் பிரதமர் ஆனார். புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. மஇகாவுக்குள்ளும் அதிருப்தி வளர்ந்தது. இந்தியர்களின் பொருளாதார நிலைக்குக் கட்சி என்ன செய்தது, ஒரே தலைவர் எவ்வளவு காலம் இருப்பது என்ற கேள்விகள் வெளிப்படையாக எழுந்தன. துணைத் தலைவர் வெ. மாணிக்கவாசகத்தின் பக்கம் மூத்த தலைவர்கள் சிலர் திரண்டார்கள்.

இழுபறி நீண்டது. பிரதமரின் தலையீடும் அதில் இருந்தது. 1973 ஜூன் 30 அன்று சம்பந்தன் தலைவர் பதவியிலிருந்து விலகினார். மாணிக்கவாசகம் தலைவரானார். பதவி மாற்றம் அமைதியாக நடந்தது. கட்சியும் உடையவில்லை. அதற்கு இரு தரப்புக்குமே பெருமை சேரணும்.

ஆனால் கவனியுங்க. தோட்டத்திலிருந்து உறுப்பினர்களைச் சேர்த்து 18 ஆண்டு கட்சியை நடத்திய ஒருவர் போக வேண்டுமா, இருக்க வேண்டுமா என்பதை அந்த உறுப்பினர்கள் முடிவு செய்யவில்லை. மேல்மட்டத் தலைவர்கள் சிலரின் நெருக்குதலும் மேல்மட்டப் பேச்சும்தான் முடிவு செய்தன. சாதாரண உறுப்பினருக்குக் குரல் கொடுக்கும் அமைப்பை அவர் கட்டி வைத்திருந்தால், அந்தக் குரல் அவரைக் காப்பாற்றியிருக்கலாம். அல்லது இன்னும் முன்னதாகவே அனுப்பி வைத்திருக்கலாம். எதுவானாலும் முடிவு அவர்களுடையதாக இருந்திருக்கும்.

1974 தேர்தலில் அவர் நிற்கவில்லை. சுங்கை சிப்புட் தொகுதி ச. சாமிவேலுவிடம் போனது. சம்பந்தன் தேசிய ஒருமைப்பாட்டு வாரியத்துக்குத் தலைமை ஏற்றார். கூட்டுறவுச் சங்கத்தை மட்டும் கடைசிவரை விடவில்லை. 1979 மே 18 அன்று, 60 வயது நிறைய ஒரு மாதம் இருக்கும்போது காலமானார். தோட்ட முதலாளி வீட்டில் பிறந்தவர், அரசியலில் சேர்த்ததைவிடக் கரைத்தது அதிகம் என்று அவரை அறிந்த தலைமுறை சொல்வதுண்டு.

இன்று யாருக்கு வாக்கு?

அவர் மறைந்து அரை நூற்றாண்டை நெருங்கிவிட்டது. மலேசியக் கட்சிகளில் தலைமையைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு இன்று யார் கையில்?

- மஇகா: தேசியத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் கிளைத் தலைவர்கள். துணைத் தலைவர், உதவித் தலைவர்கள், மத்திய செயலவை ஆகிய பொறுப்புகளுக்குப் பேராளர்கள் வாக்களிப்பார்கள்.
- அம்னோ: முன்பு ஏறத்தாழ 2,500 பேராளர்கள் மட்டுமே உயர்மட்டத் தலைவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 2009இல் விதி மாறியது. 2013 கட்சித் தேர்தலில் 191 தொகுதிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 1,46,000 பேருக்கு வாக்குரிமை கிடைத்தது.
- கெஅடிலான்: 2010இல் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்ற நேரடி முறையை நாட்டில் பெரிய அளவில் நடத்திக் காட்டியது. 2025இல் மத்தியத் தலைமைத்துவத்துக்கு வாக்களித்தவர்கள் பேராளர்கள்.
- ஜசெக: பேராளர்கள் மத்திய செயலவையைத் தேர்ந்தெடுப்பார்கள். யாருக்கு எந்தப் பதவி என்பதை அந்தச் செயலவை தனக்குள் முடிவு செய்யும்.

இந்தப் பட்டியலில் ஒன்று எல்லாருக்கும் பொது. பொதுத்தேர்தலில் வேட்பாளர் யார் என்பதைக் கடைசியில் தலைமைதான் தீர்மானிக்கிறது. கட்சிச் சின்னத்தில் நிற்கத் தலைமை தரும் கடிதம் வேண்டும். கிளை உறுப்பினர் பெயரைப் பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான்.

நேரடி வாக்கு வந்தால் எல்லாம் சரியாகிடுமா?

உடனே அப்படிச் சொல்லிட முடியாது. வாக்காளர் கூடும்போது பிரசாரச் செலவும் கூடும். தேர்தலுக்கு முன் திடீரென்று உறுப்பினர் எண்ணிக்கை வீங்கும். பெயரளவில் மட்டும் இருக்கும் கிளைகள் முளைக்கும். யாரோ சந்தா கட்ட, தான் உறுப்பினர் என்பதே தெரியாதவர்கள் பட்டியலில் இருப்பார்கள். இந்தப் புகார்களை நாம் பல கட்சிகளிலும் கேட்டிருக்கிறோம்.

பேராளர் முறையிலும் இதே வியாதி உண்டு. அங்கே வாக்காளர்கள் குறைவு. அதனால் ஒவ்வொரு வாக்கையும் பிடித்து வைத்துக்கொள்வது சுலபம்.

கிளைகள் சரியாக இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் பெரிய உதாரணமே இருக்கு. 1987 அம்னோ தேர்தலில் பதிவு பெறாத கிளைகளும் பங்கெடுத்தன என்ற காரணத்தால், 1988இல் அந்தக் கட்சியே சட்டவிரோதமானது என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 30 கிளைகளின் பதிவுக் குளறுபடியால் நாட்டின் மிகப் பெரிய கட்சி கலைந்து, புதிதாகப் பதிவாக வேண்டியதாயிற்று.

அதன்பின் 1990இல் சங்கங்கள் சட்டத்தில் 18சி பிரிவு சேர்க்கப்பட்டது. கட்சி தன் விதிகளுக்குக் கொடுக்கும் விளக்கமும், உள்விவகாரங்களில் எடுக்கும் முடிவும் இறுதியானவை, நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்கிறது அது. கட்சிகள் முடிவில்லாத வழக்குகளில் சிக்காமல் இருக்க இது உதவுகிறது என்பது ஒரு வாதம். கட்சிக்குள் அநீதி நடந்தால் சாதாரண உறுப்பினர் போய் நிற்க இடமே இல்லை என்பது எதிர்வாதம். மிச்சம் இருப்பது சங்கப் பதிவிலாகா. 2013 மஇகா தேர்தல் பற்றிய புகார்கள் அங்கேதான் போயின. மறு ஆண்டு, சில பொறுப்புகளுக்கு மறுதேர்தல் நடத்த உத்தரவு வந்தது.

நீங்க ஒரு கட்சியில் உறுப்பினரா? அப்படின்னா பாருங்க

எந்தக் கட்சியாக இருந்தாலும் இந்தச் சின்ன விஷயங்களிலிருந்துதான் உறுப்பினரின் பேச்சுரிமை தொடங்குகிறது.

- உங்கள் பெயர் எந்தக் கிளையில் பதிவாகியிருக்கு? சந்தாவை நீங்களே கட்டுறீங்களா, உங்களுக்காக யாராவது கட்டுறாங்களா?
- கிளை ஆண்டுக் கூட்டத்துக்கு முறையான அறிவிப்பு வருகிறதா? கூட்டம் உண்மையிலேயே நடக்கிறதா?
- கணக்கறிக்கையை வாசிக்கிறார்களா? பதிவு பெற்ற ஒரு சங்கம், ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் பதிவிலாகாவுக்கு விவரங்களை அனுப்ப வேண்டும்.
- பேராளராகப் போகிறவர் யார்? போய்வந்த பிறகு கிளையில் வந்து என்ன நடந்தது என்று சொல்கிறாரா?
- கட்சி விதிப் புத்தகத்தை எப்போதாவது படித்திருக்கிறீர்களா?

கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலோர் இல்லை என்றுதான் தலையசைப்பார்கள். பொறுப்பாளர்களே சிலர் படித்திருக்க மாட்டார்கள்.

சம்பந்தன் விட்டுப்போன மிச்ச வேலை

சம்பந்தனை எடை போடும்போது இரண்டு பக்கமும் தவறு செய்வது சுலபம். அவரைக் குறையே இல்லாத தலைவராக்கிவிடலாம். அல்லது 18 ஆண்டு பதவியைப் பிடித்துக்கொண்டவர் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்.

நடந்தது இதுதான். கட்சியில் யார் இருக்கலாம் என்ற கேள்விக்கு அவர் துணிச்சலான பதில் தந்தார். தமிழ் மட்டும் தெரிந்த, லயத்து வீட்டில் இருக்கிற, மாதக் கடைசியில் கையில் காசில்லாத மனிதருக்கும் கட்சியில் இடம் உண்டு என்றார். 1955இல் அது சாதாரண விஷயமே கிடையாது.

கட்சியில் யார் முடிவெடுக்கலாம் என்ற அடுத்த கேள்வியை அவர் தொடவில்லை. கூட்டுறவில் தொட்டார், கட்சியில் தொடவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களும் அதை முழுசாகத் தொட்டதாகச் சொல்ல முடியாது. மற்றக் கட்சிகளின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

தோட்டங்கள் பலவும் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்கே மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகள் தாமானில் இருக்கிறார்கள், கையில் கைப்பேசி இருக்கு, மூன்று மொழியில் கேள்வி கேட்கத் தெரியும். விதிப் புத்தகத்தைப் படிக்கவும் கணக்கைப் பார்க்கவும் ஒரு கிராணியை நம்பியிருக்க வேண்டிய நிலை இப்போது இல்லை. அடுத்த கிளைக் கூட்டத்துக்கு அறிவிப்பு வந்தால், ஒரு தடவை போய் உட்கார்ந்து பாருங்க.